யளனக

காலை ஆறு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தால் எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரே பொருள்தான். போன ஐப்பசியில் ஒருநாள் அப்படி மணி அடித்தது. எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் எடுத்தேன்.

"ஏல, லேப்டாப்பு போயிட்டு" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. "பன்னெண்டு வருசம் ஓடியிருக்குல்லாம்மா. போகட்டும், புதுசு வாங்கிருவோம்."

மறுமுனையில் பேச்சில்லை. திருநெல்வேலியில் மழை பெய்வது மட்டும் கேட்டது. பிறகு, "அது போகட்டும்ல. உள்ள ஒரு ஃபைல் கெடக்கு. அது வந்துருமா?" என்றாள்.

"என்ன ஃபைலு?"

"கெடக்கு ஒண்ணு."

அம்மா எதையும் ஒளித்துப் பேசுகிறவள் இல்லை. ஓய்வூதியக் கணக்கு, முட்டிவலி, அப்பா வைத்துவிட்டுப் போன கடன் எல்லாம் எனக்கும் தம்பிக்கும் வரிவரியாகத் தெரியும். அந்தக் குரலில் இருந்த தயக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று இரவே எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

அம்மா தட்டச்சர். 1978-இல் சர்வீஸ் கமிஷன் எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்தவள், 2011-இல் 58 வயதில் ஓய்வுபெற்றாள். வேலைக்குப் போகும் முன்பே பாளையங்கோட்டையில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் லோயர், ஹையர், தமிழ் லோயர், ஹையர் நான்கையும் முடித்திருந்தாள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் யளனக தெரியும். தமிழ்த் தட்டச்சுப்பொறியில் விரல்கள் படிந்திருக்கும் நடுவரிசை அது. இடக்கையின் நான்கு விரல்களுக்கும் ய, ள, ன, க. வரிசை முழுவதையும் சேர்த்துச் சொன்னால் யளனகபாதமட என்று ஏதோ மந்திரம்போல வரும். பஸ்ஸுக்கு நிற்கும்போதும், உலை கொதிக்கக் காத்திருக்கும்போதும், அப்பாவின் காரியத்தன்று சுவரோரம் உட்கார்ந்திருந்தபோதும் அம்மாவின் விரல்கள் எதையோ அடித்துக்கொண்டிருந்தன. என்ன அடிக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பொறி தமிழைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதியது. 'கெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. புள்ளி விசையை அடித்தால் கேரேஜ் நகராது. புள்ளியை வைத்துவிட்டு அதற்குக் கீழே எழுத்தை அடிப்பார்கள். வாய் 'கெ' என்று சொல்லத் தொடங்கும் முன்பே விரல் கொம்பைப் போட்டிருக்கும். இந்த வரிசை மூளையில் இருப்பதில்லை, விரலில் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவள் அம்மாதான். ஒருமுறை 'ழ' எந்த விசையில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள், தெரியவில்லை. 'வாழை' என்று காற்றில் அடித்துப் பார்த்துவிட்டு விரலைக் காட்டினாள்.

அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது இந்த வரிசை ஏறக்குறைய அப்படியே அதற்குள்ளும் குடியேறியது. எழுத்துரு செய்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆங்கில எஃப் இருக்கிற இடத்தில் க-வின் உருவத்தை வரைந்துவைத்தார்கள். கணினி உள்ளே எஃப் என்றே நினைத்துக்கொண்டிருக்கும், திரையில் க தெரியும். புள்ளியை மட்டும் எழுத்துக்குப் பின்னால் போட வேண்டியிருந்தது. அந்த ஒரு மாற்றத்துக்கு விரல் பழக ஒரு மாதம் ஆனது என்பாள். இதே காலத்தில் சென்னையில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி தமிழ்99 என்ற விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் வந்தன. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு என்று பிரித்த, நன்றாக யோசித்துச் செய்த விசைப்பலகை அது. நான் அதில்தான் எழுதுகிறேன். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது அரசு ஒருங்குறியையும் ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் அம்மாவின் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு வழியனுப்பு விழா முடிந்துவிட்டது. கோத்ரெஜ் தட்டச்சுப்பொறி செய்வதை நிறுத்திவிட்டது என்று செய்தித்தாளில் வந்ததும் அதே 2011-இல்தான். அம்மா அந்தத் தாளைக் கத்தரித்துப் பணிப்பதிவேட்டு நகலோடு வைத்திருக்கிறாள்.

2013-இல் அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். நான்கு ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பதற்கு என்று நினைத்துத்தான் வாங்கினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஆபீஸில் இருந்த அந்த எழுத்துரு. போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடிக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். அதுவும் நடந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்த ராத்திரியில், அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் முன்னால் அந்த மடிக்கணினியைத்தான் துண்டில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனாள் என்று மாடிவீட்டு அக்கா சொன்னார். விலை உயர்ந்த பொருள் என்று எடுத்துப் போயிருப்பாள் என்று அதையும் கடந்து போய்விட்டேன். இப்போது நினைக்க வருத்தமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஒரு மனுஷி கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காரியம் செய்திருக்கிறாள், ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

முருகன்குறிச்சியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வீஸ் கடை. இருபத்தைந்து வயதுப் பையன். சார்ஜரைச் சோதித்தான், சரியாக இருந்தது. பின்மூடியைக் கழற்றி மல்ட்டிமீட்டர் முள்ளை அங்கங்கே வைத்தான். ஓரிடத்தில் பீப் என்று விடாமல் கத்தியது.

"போர்டு ஷார்ட்டு அண்ணாச்சி. இந்த மாடலுக்குப் பழைய போர்டுதான் கிடைக்கும். ஏழாயிரம் ஆகும், கேரண்டி கிடையாது. போட்டாலும் இதுல விண்டோஸ் 11 ஏறாது. பத்துக்கு அக்டோபர் 14-ஓட அப்டேட்டை நிறுத்திட்டாங்க."

"போர்டு வேண்டாம்ப்பா. உள்ள இருக்கிறது?" என்றாள் அம்மா.

அவன் இரண்டு திருகாணிகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை உருவினான். இரண்டரை அங்குலம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அம்மா அதை வாங்கி ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள். அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. யு.எஸ்.பி. கேஸில் போட்டு அவனுடைய கணினியில் செருகினான். நீல விளக்கு எரிந்தது. லேசான முனகல். அவன் குனிந்து காது வைத்துக் கேட்டான். "சுத்துது. டக் டக்குன்னு சத்தம் வரலை" என்றான்.

அந்த டக் டக் சத்தத்துக்கு எல்லோரும் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வகை டிஸ்க்குக்குள் கண்ணாடிபோலத் தேய்த்த தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தூசிகூட நுழைய முடியாத இடைவெளியில் மிதந்துகொண்டே படிக்கும். முனை பழுதாகி இடம் தெரியாமல் தவித்தால் அந்தச் சத்தம் வரும். அப்படி வந்துவிட்டால் இந்தக் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்குச் செத்தது போர்டு மட்டும்தான்.

அம்மாவின் பெயரில் இருந்த கோப்புறையைத் தட்டினான். இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரலாமா என்று கணினி கேட்டது. வேறொரு கணினியின் டிஸ்க்கைச் செருகினால் வழக்கமாக வருகிற செய்திதான். பையன் இதுவரை ஆயிரம் முறை யோசிக்காமல் தட்டியிருப்பான். அன்று அவன் விரல் நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். என் கையைப் பிடித்திருந்தவள், "தொறப்பா" என்றாள்.

கோப்பின் பெயர் 'பதில்'. 190 பக்கம். திறந்ததும் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கொட்டிக் கிடந்தன. "கரப்ட் ஆயிட்டும்மா" என்றான் பையன் தாழ்ந்த குரலில். அம்மா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும், அது கெடவில்லை. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அவள் அடித்த ஒவ்வொரு தட்டும் அங்கேதான் இருந்தது. க-வை எஃப் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய ஏற்பாடு, எழுத்துரு இல்லாத இடத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். இறந்த கணினியின் டிஸ்க்கிலேயே எழுத்துருக் கோப்புறையைத் தேடி, அந்தக் கோப்பை எடுத்து அவன் கணினியில் நிறுவினேன். மறுபடி திறந்தபோது முதல் பக்கத்தில் 'ந.க.எண்', 'பொருள்', 'பார்வை' என்று அலுவலகக் கடிதத்தின் தலைப்புகள் தெரிந்தன. அம்மா கை நீட்டித் திரையை மறைத்தாள். மூடிவிட்டேன். டிஸ்க் முழுவதையும் நகலெடுத்துத் தரச் சொல்லிவிட்டு வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம்.

புதிய கணினியை வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் பார்த்தோம். நான் ரேமையும் பிராசஸரையும் விசாரித்துக்கொண்டிருந்தேன். அம்மா வரிசையாக வைத்திருந்த கணினிகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போய் நின்று, கண்ணை மூடி, பத்து விரலையும் விசைகளின் மேல் வைத்துப் பார்த்தாள். எஃப் விசையிலும் ஜே விசையிலும் சின்ன மேடு இருக்கும், பார்க்காமல் அடிக்கிறவர்களின் சுட்டுவிரல்களுக்காக வைத்தது. அம்மாவின் கணக்கில் அவை க-வும் த-வும். மூன்று கணினிகளை அந்த மேடு விரலில் தட்டவில்லை என்று ஒதுக்கினாள். நான்காவதில் நின்றாள். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., 54,000 ரூபாய். கணினி வாங்குவதற்கு இதைவிடச் சரியான சோதனையை நான் கண்டதில்லை.

அன்று இரவு பெங்களூரிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். எழுபத்திரண்டு வயதில் அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கணினி, டேப் போதும், இப்போதெல்லாம் பேசினாலே தமிழில் எழுதிக்கொள்ளும் என்றான். அன்பில்தான் சொன்னான். அம்மா, "வாயால சொன்னா வீடு பூரா கேக்கும்லா" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் பாதி புரிந்தது.

ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் என்று கடைக்காரரும் சொல்லியிருந்தார். தமிழ்99-ஐக் கற்றுக்கொள், எளிது என்று நானே ஐந்தாறு வருடம் முன்பு அவளிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. முப்பத்துமூன்று வருடம் ஒரு கையைப் பழக்கியவளிடம், அந்தக் கையை விட்டுவிட்டு வேறு கையோடு வா என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. பொருள்தான் மனுஷிக்கு இணங்கி வர வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் உட்கார்ந்து செய்துவிட்டுத்தான் சென்னைக்கு வண்டி ஏறுவது என்று முடிவுசெய்து, வேலையிடத்தில் ஒரு வாரம் லீவு சொன்னேன்.

மறுநாள் காலையில் பெட்டியைப் பிரித்தோம். நாடு, மொழி, வைஃபை, மின்னஞ்சல் கணக்கு, கடவுச்சொல், கைரேகை என்று அது வரிசையாகக் கேட்டது. கைரேகை மட்டும் படியவில்லை. அத்தனை வருடம் விசை அடித்தும் பாத்திரம் தேய்த்தும் அம்மாவின் விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. ரேஷன் கடையிலும் இதே பாடுதான். வேண்டாம் என்று தாண்டினோம். எழுத்தின் அளவை 150 விழுக்காட்டுக்கு ஏற்றினேன். அவளுடைய 'டாகுமெண்ட்ஸ்' கோப்புறை தானாகவே இணையச் சேமிப்புக்குப் போகிற மாதிரி அமைந்திருந்தது. "எங்க போகுது?" என்றாள். வேறொரு ஊரில் இருக்கிற கணினிக்கு என்றேன். "என்னைக் கேக்காமலா?" என்றாள். அணைத்துவிட்டேன்.

பிறகு ஒன்றைக் கவனித்தாள். "512-ன்னுதான சொன்னான்? 476-ன்னு காட்டுது. 36 எங்க?" டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஜிபி என்கிறார்கள், விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணிக் காட்டுகிறது, பொருள் ஒன்றுதான், படி வேறு என்றேன். பட்டணம் படி, மெட்ராஸ் படி என்று ஏதோ சொல்லிக்கொண்டு, பழைய கணக்கு நோட்டில் எழுதிப் பெருக்கிப் பார்த்துச் சரிதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த வேலைக்கு விட்டாள்.

அன்று எனக்கு மிகவும் கவலை தந்தது வேறு. இறந்த கணினியிலிருந்து டிஸ்க்கை உருவி யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. அதனால்தான் நாங்கள் பிழைத்தோம். புதிய கணினிகளில் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. திருடன் கையில் கிடைத்தால் அவனால் ஒன்றும் படிக்க முடியாது. போர்டு போய்விட்டால் நாமும் படிக்க முடியாது, மீட்புச் சாவி கையில் இருந்தால் ஒழிய. சாவி என்பது 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. கணினி அதை அவளுடைய மின்னஞ்சல் கணக்கில் வைத்திருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால்? நான் அந்த எண்களை வாசிக்க வாசிக்க, அம்மா தன் கையெழுத்தில் ஒரு முழுவெள்ளைத் தாளில் எழுதினாள். எழுதி முடித்ததும் என்னிடம் கொடுத்து, "இப்ப நீ படி, நான் சரி பாக்கேன்" என்றாள். தட்டச்சர்கள் படித்துச் சரிபார்க்கிற முறை அது: ஒருவர் அசலைப் படிப்பார், ஒருவர் நகலைப் பார்ப்பார். அந்தத் தாள் ஓய்வூதியப் புத்தகம் இருக்கிற உறைக்குள் போனது.

"கார்பன் வைக்காம நான் ஒரு தாள் அடிச்சது கெடையாதுல" என்றாள் அப்போது. "தவறிப்போயி ஒருநாள் வைக்காம அடிச்சுட்டா மறுபடி முழுசா அடிப்போம். அசல் போயிரும், நகல்தான் ஆபீஸ்ல இருக்கும். இதுல கார்பன் எங்கன இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பென்டிரைவும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வந்து, இரண்டிலும் எப்படி நகலெடுப்பது என்று காட்டினேன். ஒருமுறை சொன்னது போதுமாக இருந்தது. ஒன்று பீரோவில், ஒன்று மாடிவீட்டு அக்காவிடம். வெள்ளம் வந்தால் மேலே இருப்பது பிழைக்கும்.

எழுத்துருவை நிறுவிவிட்டால் அவள் பழையபடி அடித்துக்கொள்ளலாம். அத்தோடு விட்டிருக்கலாம்தான். அவளே கேட்டாள்: "இத உன் போன்ல தொறந்தா தமிழ்ல தெரியுமா?"

"தெரியாதும்மா. அன்னைக்குக் கடையில பாத்தோம்லா, அதே மாதிரிதான் இருக்கும்."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப மாத்து" என்றாள்.

ஒருங்குறிக்கு மாறுவதென்றால் இரண்டு வேலை. இனி அடிப்பதை ஒருங்குறியில் அடிக்க வேண்டும், முன்பு அடித்த 190 பக்கத்தையும் மாற்ற வேண்டும். முதல் வேலைக்கு, கணினியோடு வந்த விசைப்பலகைகளில் தமிழ்99 இருந்தது, யளனக இல்லை. ஆனால் இ-கலப்பை போன்ற இலவச எழுதிகளைச் செய்தவர்கள் தட்டச்சுப்பொறி விரல்களை மறக்கவில்லை. அந்த அமைப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அவர்களை எண்ணி அன்று மனதாரக் கும்பிட்டேன். அப்படி ஒன்றை இறக்கி நிறுவினேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணினிக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, க-வையும் த-வையும் தடவிக் கண்டுபிடித்து அடிக்கத் தொடங்கினாள். 'அம்மா' வந்தது. 'தமிழ்' வந்தது. 'கெ' என்று வருமிடத்தில் விரல் நின்றுவிட்டது.

கொம்பை அடித்ததும் திரையில் கொம்பு தனியாக வரவில்லை. புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தது. "இந்த வட்டம் எதுக்குல?"

ஒருங்குறியில் எழுத்துகள் உச்சரிப்பு வரிசையில் இருக்கின்றன. 'கெ' என்பது அதற்கு முதலில் க, பிறகு எகரக் குறி. கண்ணுக்கு இடப்பக்கம் தெரிகிற கொம்பு உள்ளே வலப்பக்கம்தான் நிற்கிறது. சார்ந்து நிற்க எழுத்து இல்லாமல் கொம்பு மட்டும் வந்தால், இங்கே ஓர் எழுத்து வர வேண்டும் என்று அந்த இடத்தில் புள்ளி வட்டம் போட்டுக் காட்டும். நாம் அடுத்து க அடித்ததும் அந்த எழுதி இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிடும். இதைச் சொன்னேன். அம்மா க அடித்தாள். வட்டம் மறைந்து அங்கே க வந்து உட்கார்ந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். "எழுத்து வாறதுக்கு முன்னாலயே இடம் போட்டு வைக்கி" என்றாள். அன்று மாலைக்குள் விரல் நிற்காமல் ஓடத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது வேலைதான் நான்கு நாள் எடுத்தது. எழுத்துரு மாற்றியில் போட்டால் 190 பக்கமும் சில நொடியில் ஒருங்குறியாகிவிடும். ஆனால் பழைய எழுத்துருவில் ஔகாரக் குறி தனியாகக் கிடையாது. தட்டச்சுப்பொறியில் போலவே கொம்பையும் ள-வையும் வைத்து 'கௌ' என்று காட்டுவார்கள். மாற்றிக்கு எது 'கெள', எது 'கௌ' என்று தெரியாது. கொம்பு, எழுத்து, ள என்று வந்தாலே ஔகாரமாக்கிவிடும். 'வெளியே' என்று அம்மா அடித்தது 'வௌியே' என்று வந்தது, 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' என்று. இணையத்தில் இந்த 'வௌியே'யை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஔகாரத்துக்குப் பின்னால் புள்ளியோ இகரமோ வராது என்பதால் இவற்றையெல்லாம் தேடி ஒரே அடியாகத் திருத்திவிட முடிந்தது. மிச்சம் இருந்தவை ள தனியாக நிற்கும் சொற்கள். அம்மா ஆட்களின் பேச்சைப் பேசியபடியே எழுதியிருந்தாள். 'கிழவி' என்று எழுதவில்லை, 'கெளவி' என்றே எழுதியிருந்தாள். மாற்றி அதைக் 'கௌவி' ஆக்கிவைத்திருந்தது. கௌவி என்றாலும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, பல்லால் பற்றி என்று பொருள். எந்த இடத்தில் எது என்பதை ஆள் படித்துத்தான் சொல்ல முடியும். அப்படி 61 இடங்கள்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தேடி நிறுத்துவதும் திருத்துவதும் நான், எது சரி என்று சொல்வது அவள் என்று ஏற்பாடு. பீரோவிலிருந்து இரண்டு பழுப்பு உறைகளை எடுத்து வந்தாள். திருத்த வேண்டிய வரிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று திரையில் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது ஒரு வரி மட்டும். அப்படியே இரண்டு நாள் வேலை செய்தோம். 'வெளங்காம நின்னான்' என்று ஒரு வரி. 'மௌனமாக இருந்தேன்' என்று ஒரு வரி. அது மாற்ற வேண்டாதது. வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கையை வேலியின் இடுக்கு வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது. கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவள் கை சோர்ந்திருக்க வேண்டும். கீழ் உறை மெல்ல இறங்கியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறையை மேலே தூக்கவில்லை.

படித்தேன். 1992 நவம்பர் வெள்ளம். 'பார்வை' என்ற தலைப்பின் கீழே, ஆடுகள் போனதற்கு நிவாரணம் கேட்டு வந்த ஒரு கெளவியின் மனுவைப் பற்றி எழுதியிருந்தாள். வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுத்தவர் பத்து ஆடு என்று எழுதியிருக்கிறார். கூடப் போட்டால்தான் கொஞ்சமாவது கிடைக்கும் என்பது அவர் அனுபவம். அந்தக் கெளவி வராந்தாவில் அம்மாவிடம் வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். பத்து என்று கேட்டதும் பதறிப்போய், நாலுதான் போனது, மாற்றிக் கொடு என்றிருக்கிறாள். மாற்றிக் கொடுத்த பிறகும் போகாமல் நின்று, நாலில் ஒன்று சினை, அதை ஐந்து என்று கேட்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அம்மா அன்று அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருந்து வந்த வரைவைத்தான் அடித்தாள்: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. அதற்குக் கீழே, அலுவலகக் கடிதத்தின் அதே ஓரம் விட்டு, அதே இடைவெளி விட்டு, இப்போது அடித்திருந்தாள்: 'ஐந்து என்று கேட்கலாம் அம்மா.'

190 பக்கமும் இப்படித்தான். முப்பத்துமூன்று வருடத்தில் அவள் அடிக்காமல் விட்ட பதில்கள். எந்த மனுவிலும் பெயர் இல்லை. ஊரும் வருடமும் மட்டும்.

"இந்தக் கெளவிக்கு ள-தான்" என்றாள் அம்மா. திருத்தினேன். அடுத்ததைத் தேடினேன். உறைகள் இரண்டும் மேஜையில் கிடந்தன.

ஐந்தாம் நாள் இரவு கிளம்பினேன். வாசல்வரை வந்தவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். மேஜை விளக்கு எரிவது தெருவிலிருந்து தெரிந்தது. ஜங்ஷனில் வண்டி இன்னும் வரவில்லை, மழை விட்டு நடைமேடை ஈரமாக இருந்தது. போன் அடித்தது.

"ஏல, 87-ஆம் பக்கத்துல ஒரு கெளவிய விட்டுட்ட. கௌவின்னே நிக்கி."

"அய்யோ. போயி சென்னையில இருந்து திருத்தி அனுப்பட்டுமாம்மா?"

"திருத்தியாச்சு. கார்பனும் எடுத்தாச்சு."